அம்மாச்சியின் கதை

சென்ற ஆண்டு பள்ளி விழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில் எங்கள் கணிப்பொறி ஆசிரியை வகுப்புக்கு வந்து, "இம்முறை நாடகம் வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் உண்மைக் கதையைக் கணிப்பொறி வழியாகச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது" என்றார்கள். 1990களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டானா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் முதலானோர் சாதாரண மக்களைக் கூட்டிவைத்து, அவரவர் வாழ்க்கையை அவரவர் குரலிலேயே சில நிமிடப் படமாகச் சொல்லக் கற்றுக்கொடுத்தார்களாம். வேடம் கட்டி ஆட ஆசைப்பட்டிருந்த எங்களுக்கு முதலில் ஏமாற்றமே!

எங்கள் குழுவில் நால்வர். நான் என் அம்மாச்சியின் கதையைச் சொல்லலாம் என்றேன். அவர்கள் இருப்பது தங்கச்சிமடம், பிறந்தது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அவ்வூர் அழிந்ததையும், பாம்பனிலிருந்து சென்ற ரயில் 100-க்கும் மேற்பட்டோருடன் கடலில் போனதையும் அனைவரும் அறிவர். அம்மாச்சிக்கு அப்போது வயது 9. கரையில் கிடந்த வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டப் போன அவர்களுடைய அண்ணன் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான்.

அம்மாவின் கைப்பேசியில் நான் ஒலிப்பதிவு செய்தபோது அம்மாச்சி இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னார்கள். "அண்ணன் கதவைத் தொறந்தப்ப நான் முழிச்சுத்தான் கெடந்தேன். குளிருதேன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன்." பிறகு சிறிது நேரம் பேசவில்லை.

முதலில் பொம்மைப் படம் எடுக்க முயன்றோம். களிமண் பொம்மையைச் சற்று நகர்த்தி ஒரு படம், மீண்டும் நகர்த்தி ஒரு படம் என்று எடுத்து வேகமாக ஓட்டினால் பொம்மை தானே அசைவதுபோல் தோன்றும். நொடிக்கு 12 படம் என்றால் இரண்டு நிமிடத்துக்கு 1,440 படங்கள்! இரண்டு சனிக்கிழமைகள் உழைத்தும் 400 தேறவில்லை. அதற்குள் களிமண் காய்ந்து வெடித்தது. பல படங்களில் எங்கள் கை நிழல் வேறு. முடிந்தவரைக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். நீலத் துப்பட்டாவால் செய்த அலை எழுந்து வள்ளத்தை விழுங்கியதும் அவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பிள்ளைகள் மேல் தவறில்லை. துள்ளித் துள்ளி நகரும் பொம்மை எதைச் செய்தாலும் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த அலையில் போனவர் என் அம்மாச்சியின் அண்ணன் அல்லவா? நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அடுத்து, எங்களுள் கணிப்பொறியில் கெட்டிக்காரியான தோழி ஒருத்தி ஸ்கிராட்ச் என்ற மென்பொருளில் கதையைச் செய்துவந்தாள். அதில் கட்டளைகளை வண்ணக் கட்டைகள் போல ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். கதை ஓரிடத்தில் நின்று, பார்ப்பவரைக் கேள்வி கேட்கும். அண்ணன் கதவைத் திறக்கிறான், தங்கை விழித்திருக்கிறாள். அவனைக் கூப்பிட வேண்டுமானால் 1, கூப்பிடாவிட்டால் 2. ஒன்றை அழுத்தினால் அண்ணன் திரும்பி வந்து விளக்கேற்றுவான்.

எங்களுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. ஞாயிறு பூசை முடிந்ததும் மடிக்கணினியுடன் அம்மாச்சி வீட்டுக்கே போய்விட்டோம். அவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வெகுநேரம் எழுத்தின் மேலேயே வைத்திருந்து, ஒன்றை அழுத்தினார்கள். விளக்கு எரிந்தது. "இன்னொரு தடவை போடு" என்றார்கள். மறுபடியும் ஒன்று. மூன்றாம் முறையும் ஒன்றே. என் தோழி மகிழ்ச்சியோடு என்னைப் பார்த்தாள். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. அம்மாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "இது எங்கிட்ட இருக்கட்டும், பிள்ளைகளா. பள்ளிக்கூடத்துக்கு வேணாம்" என்றார்கள்.

வாரக் கணக்கில் செய்த வேலை போயிற்றே என்று அவள் வழியெல்லாம் முணுமுணுத்தாள். எனக்கும் வருத்தமே. ஆனாலும் கதை அம்மாச்சியுடையது, எங்களுடையது அல்ல.

எஞ்சியது அந்த ஒலிப்பதிவு. ஒலியைத் திருத்தும் மென்பொருளில் பேச்சு மேடும் பள்ளமுமாகவும், மௌனம் நேர்கோடாகவும் தெரியும். அம்மாச்சி பேசாதிருந்த இடம் 11 நொடி நீளக் கோடு. வீணான இடம் என்று எண்ணி நான் அதை வெட்டியிருந்தேன். மீண்டும் கேட்டபோது போர்வை இழுத்துப் போர்த்தியதும், மறுநாள் விடியலில் ஊரே இல்லாததும் ஒரே மூச்சில் வந்தன. ஏதோ கடைக்குப் போய் வந்த செய்தியைச் சொல்வதுபோல் இருந்தது! வெட்டியதைத் திரும்பச் சேர்த்தேன். இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்திருந்த இடி முழக்கமும் போயிற்று. அம்மாச்சிதான் வேண்டாம் என்றார்கள்: "இடியெல்லாம் எனக்குக் கேக்கலை. மண்ணு வந்து கதவுல அடிச்ச சத்தந்தான்." படங்கள் மூன்றே. தனுஷ்கோடியில் கூரையின்றி நிற்கும் கோயில் சுவர், செபமாலை பிடித்த அம்மாச்சியின் கை, பகல் வெளிச்சத்தில் கடல். போர்வையைப் பற்றிச் சொன்னது இருக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அது இருக்கணும்" என்றார்கள்.

விழா நாளில் 3 நிமிடம் 40 நொடி ஓடியது. அந்த 11 நொடி வந்ததும் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்று எண்ணி ஓர் அக்காள் மின்செருகியைப் பார்க்க எழுந்தார். தலைமையாசிரியை அருட்சகோதரி கையமர்த்தினார்கள். முன்வரிசையில் அம்மாச்சி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்புகையில் அம்மாச்சி படத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கண்காட்சி மேசையில் வைத்திருந்த எங்கள் வெடித்த களிமண் வள்ளத்தைத்தான் கேட்டார்கள். "அதைச் செஞ்ச பிள்ளை யாரும்மா? அணியம் இப்படி மழுங்கலா இருந்தா அலையை எப்படிக் கிழிக்கும்? நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வா."