கஞ்சி போட்ட கம்ப்யூட்டர் துணி

பதினாலு வயசுப் பையனிடம் பேச்சுக் கொடுப்பது எத்தனை கஷ்டம் என்பது பெற்றவளுக்குத்தான் தெரியும். எதைக் கேட்டாலும் "ம்", "இல்லே" என்பதோடு சரி. எங்களுக்குள் மறுபடியும் பேச்சைத் தொடங்கி வைத்தது ஒரு துணி. அதுவும் கம்ப்யூட்டருக்குள் அசைந்த துணி!

என் மகனுக்குப் பழைய வீடியோ கேம்கள் என்றால் உயிர். ஒரு நாள் பின்னால் நின்று பார்த்தேன். வெள்ளை உடையில் ஒருவன் ஓடுகிறான், தாவுகிறான். தையல் தெரிந்தவளாயிற்றே, என் கண் உடையின் மேல்தான் போயிற்று. "நிஜம் மாதிரியே இருக்கே, எப்படிடா?" என்றேன். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.

அது 1989-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர், தன் தம்பியை ஓடவும் தாவவும் செய்து வீடியோ எடுத்தார். அதை ஒவ்வொரு படமாகப் பார்த்து வரைந்தார். நோட்டின் ஓரத்தில் படங்கள் வரைந்து விசிறினால் ஓடுமே, அதே வித்தைதான்.

"அப்புறம் துணி தானாவே அசைய ஆரம்பிச்சுதும்மா" என்றான். டென்மார்க்கில் தயாராகி 2000-ல் வந்த 'ஹிட்மேன்: கோட்நேம் 47' பெரியவர்களுக்கான விளையாட்டு, அதை ஆட நான் விடுவதில்லை. ஆனால் அதிலுள்ள துணிக் கணக்கை தாமஸ் ஜேக்கப்சன் 2001-ல் விளக்கி எழுதியிருக்கிறார்.

நமக்குத் தெரிந்த புள்ளிக் கோலம்தான், சகோதரிகளே! புள்ளிகளை வைத்து, பக்கத்துப் புள்ளிகளைக் கோட்டால் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் அளவு. காற்று புள்ளிகளைத் தள்ளும். கனம் கீழே இழுக்கும். கோடு நீண்டால் இரு முனைகளையும் உள்ளே இழு. குறுகினால் வெளியே தள்ளு. இதையே திரும்பத் திரும்பச் செய்தால் துணி அலை அலையாய் ஆடும். சிக்கனமான கணக்கு என்பதால் அந்தக் காலக் கம்ப்யூட்டரே தாங்கியது.

அவனும் ஒரு துணி செய்து பார்த்தான். "ரொம்பத் தொய்யுதும்மா!"

"கஞ்சி போடேன்" என்றேன். சிரித்தான். பிறகு யோசித்து, ஒரு புள்ளி விட்டு அடுத்த புள்ளிக்கும் கோடு போட்டான். துணி விறைப்பாக நின்றது!

பிள்ளைகளின் திரையை அணைக்கச் சொல்லும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். என் மகன் இப்போது வாயில், ஜார்ஜெட் எல்லாவற்றையும் உதறிக் காட்டச் சொல்கிறான். நேற்று என் கல்யாணப் பட்டையே பெட்டியிலிருந்து எடுக்க வைத்துவிட்டான்!