கடைக்காரரின் மூன்று நாட்காட்டிகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, கொக்கட்டிச்சோலையை அடுத்த எங்கள் சிற்றூரிலே ஒரு பலசரக்குக் கடை உண்டு. அதன் அகலம் பத்தடிக்கு மேல் இராது. கல்லூரியில் வர்த்தகம் கற்பிக்கும் எனக்கு அக்கடைக்காரர் கற்பித்த பாடம் ஒன்றை இங்கே சொல்ல விரும்புகின்றேன்.

அவர் கடையிலே தொங்குவது ஒரு நாட்காட்டி. அவர் மனத்திலே இருப்பவையோ மூன்று. வாவியில் வலை வீசுவோருக்குப் பணம் அன்றாடம் வரும். அவர்கள் அன்றாடத் தேவைக்கே வாங்குவர். அவர்களுக்காகச் சீனியையும் தேயிலையையும் சிறு பொட்டலங்களாகக் கட்டி, விடியுமுன்னே கடையைத் திறந்துவிடுவார். படுவான்கரை வயற்காரருக்கோ, மாரி வெள்ளாமை வெட்டி நெல் விற்ற பின்னரே கையிற் காசு புரளும். அவர்களது கணக்கு பங்குனி வரை கொப்பியிலே காத்திருக்கும். என்போன்ற உத்தியோகத்தரின் கணக்கு சம்பள நாளிலே தீரும். வைகாசியிற் கண்ணகி அம்மன் சடங்கு நெருங்கினால், கற்பூரமும் வெற்றிலை பாக்கும் எவரும் கேளாமலே வந்து நிறையும்.

2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. துறையிலே படகுக்குக் காத்துநின்ற துன்பம் நீங்கியது. நானும் சம்பள நாளிலே மோட்டார் சைக்கிளிற் பாலத்தைக் கடந்து, பட்டினத்துப் பெருங்கடையில் மாதச் சாமான் வாங்கலானேன். விலை சற்று மலிவு. ஊர்க் கடைக்கு நான் போனது தீப்பெட்டி வாங்க மட்டுமே.

2022ஆம் ஆண்டு வந்தது. பெற்றோலுக்கு நீண்ட வரிசை. விலைவாசியோ நாளுக்கு நாள் ஏறியது. சம்பளம் பாதி மாதத்திலேயே கரைந்தது. ஒரு மாலை, தயங்கித் தயங்கி அக்கடை வாயிலிலே நின்றேன்.

“சேர், ஏன் வெளியில நிக்கிறீங்க? சின்னப் பிள்ள இருக்கிற வீடெண்டு பால்மா ஒரு பைக்கற் எடுத்து வச்சிருக்கன்,” என்றார் அவர்.

எனக்குத் தலை குனிந்தது. அவர் கொப்பியை விரித்தார். என் பெயரெழுதிய பக்கம் அப்படியே இருந்தது.

அவர் கொடுத்த கடன் எல்லையற்றதன்று. யாருக்கு எப்போது பணம் வரும் என்பதை அறிந்து, அளந்தே கொடுப்பார். இல்லையேல் அவர் கடையே நில்லாது. இதனையே இப்போது மாணவருக்குச் சொல்கின்றேன்: வாடிக்கையாளர் எதை விரும்புகின்றார் என்று அறிந்தால் மட்டும் போதாது, அவர் கையிற் காசு வரும் காலத்தையும் அறியவேண்டும்.

எங்கள் மாதச் சாமான் இன்று மீண்டும் அக்கடையிலேதான். சில பொருள்களுக்குப் பத்து ரூபா கூடுதலாகும். அத்தொகையை என் மனையாள் ‘காப்புறுதி’ என்றே கணக்கில் எழுதுகின்றாள்.