அப்பாயியின் கொல்லை

குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். திண்ணை, ரேழி, முற்றம் என்று வீடு நீண்டுபோய், கிணற்றடியைத் தாண்டிக் கொல்லையில் முடியும். ஊரைச் சுற்றி வயல். நடவிலிருந்து தை அறுப்பு வரைக்கும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைதான். ஆனால் நெற்பூவில் தேன் ஏது? அவ்வளவு பச்சையிலும் தேன்சிட்டுக்கு ஒரு வாய் கிடைக்காது. அதற்கு வேண்டியதெல்லாம் வீட்டுக் கொல்லைகளில்தான் இருந்தது.

அப்பாயி எந்தக் குருவியையும் நினைத்துச் செடி வைக்கவில்லை. செம்பருத்தியும் இட்லிப்பூவும் சாமிக்கு, மாதுளை பேரப்பிள்ளைகளுக்கு, அகத்தி, அமாவாசையன்று மாட்டுக்குக் கொடுக்க, வேலிக்குக் கல்யாண முருங்கை. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஓடிச் சேரும் இடத்தில் வாழை. ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்து, ஆற்றில் தண்ணீர் வந்து சேரும்வரை வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்போதும் இந்த வாழை குலை தள்ளும். மடல் ஒன்று தூக்கியதும் உள்ளே வரிசையாக இருக்கும் பூக்களைப் பறித்து உறிஞ்ச நாங்கள் ஓடுவோம். எங்களுக்கு முன்பே சிட்டு வந்து குடித்துவிட்டுப் போயிருக்கும்.

கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, வளைந்த அலகு. ஆணுக்கு முதுகு அரக்கு, வயிறு மஞ்சள். வெயில் பட்டால் தொண்டை ஊதாவாக மின்னும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு என்று பறவை நூல்கள் சொல்லும் இனம் இதுதான். உடம்பு முழுக்கக் கருநீலமாக மினுங்கும் இன்னொன்றும் வரும். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே பேர், தேன்சிட்டு.

செம்பருத்திக்குள் தலையை விட்டுக் குடிக்க அதற்குப் பொறுமை கிடையாது. காம்போரமாக உட்கார்ந்து பூவின் அடியில் ஒரு துளை போட்டு உறிஞ்சிவிடும். பூக்குடலையில் பாதிப் பூவுக்கு அடியில் ஓட்டை இருக்கும். “எச்சில் பூவை சாமிக்கு வைக்கலாமா அப்பாயி?” என்று கேட்டால், “தேனீ எச்சில், கன்னுக்குட்டி எச்சில் ஆகும்போது இது ஆகாதாடா?” என்பாள். அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு மார்கழியில் கொல்லைத் தாழ்வாரத்துக் கொடிக்கயிற்றிலேயே கூடு கட்ட ஆரம்பித்தது. கட்டுவது முழுக்கப் பெண்தான். மூங்கில் வரிச்சுக்கு இடையில் இருந்த ஒட்டடையை அலகால் சுற்றி இழுத்து வரும். அதைக் கயிற்றில் ஒட்டி, நார், மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம் என்று சேர்த்துச் சேர்த்துக் கீழே தொங்கவிடும். முடிந்தபோது ஏதோ குப்பை சிக்கிக்கொண்டது போலத்தான் இருந்தது. பக்கவாட்டில் வாசல், மேலே மழைக்குச் சின்னத் தாழ்வாரம், உள்ளே இலவம்பஞ்சு மெத்தை. போகிக்கு அப்பா ஒட்டடைக்கோலோடு கொல்லைப் பக்கம் வர, அப்பாயி நிலைப்படியிலேயே மறித்துவிட்டாள். அந்தப் பொங்கலுக்குத் தாழ்வாரம் மட்டும் வெள்ளை காணவில்லை. துணியெல்லாம் வேலியில் காய்ந்தது.

இரண்டு குஞ்சு. தாயும் தகப்பனும் மாறி மாறிக் கொண்டுவந்தது தேன் இல்லை. சிலந்தியும் பொடிப் பூச்சியும்தான். இன்று தோட்டம் போடுகிறவர்கள் பூச்செடியை வாங்கிவைத்துவிட்டு அதே கையோடு பூச்சிமருந்தும் அடிக்கிறார்கள். அப்புறம் குஞ்சு எதைத் தின்னும்?

அமெரிக்காவில் இருக்கும் தம்பி மகள் இப்போது ரீங்காரச்சிட்டுக்குத் தோட்டம் போடுகிறாள். அது அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியே கிடையாது. நம் தேன்சிட்டுக்கு உறவும் இல்லை. ஒரே பிழைப்பு, அதனால் ஒரே சாயல். அது அந்தரத்தில் நின்றே குடிக்கும். நம்முடையது பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான். சிவப்புப் புட்டியில் ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டிருக்கிறாளாம். “வேற என்ன பெரியப்பா செய்யலாம்?” என்று கேட்டாள். அதுவும் சிலந்தி நூல் வைத்துத்தான் கூடு கட்டும், ஒட்டடை அடிக்காதே என்றேன். பக்கத்திலிருந்து அவள் அம்மா, “ஏற்கெனவே அவ அடிக்கிறதில்ல, நீங்க வேற சொல்லிக்கொடுங்க” என்றாள்.