எழுந்து நடந்தவனின் மூளை

தடுக்கி விழுந்த பிள்ளை எழுந்து நின்றால், "ஒன்றுமில்லை, ஓடு" என்று சொல்லி அனுப்புவது நம்மவர் வழக்கம். முழங்காலுக்கு இவ்வார்த்தை பொருந்தும். தலைக்குப் பொருந்துமா என்பதே எமது ஐயம்.

மூளையின் மயிர்க்குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தினால் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் நீளும் என்பர். இலங்கையின் நெடுமைக்கும் அது அதிகம்! அவற்றின் உட்சுவரோ ஒற்றைக் கல அடுக்கு. அக்கலங்கள் இறுகப் பிணைந்து, குருதியிலுள்ள வேண்டாதவற்றை மூளைக்குள் விடாது காக்கின்றன. 1885இல் ஜெர்மானிய அறிஞர் போல் ஏர்லிக் விலங்குகளின் குருதியிற் சாயம் ஏற்றியபோது, ஏனைய உறுப்புகள் நிறம் பெற, மூளை வெளிறியே கிடந்தது. மூளைக்குச் சாயத்திலே பற்றில்லை என்று அவர் எண்ணினார். காவல் இருப்பது பின்னரே தெரிந்தது.

தலையில் அடி விழுங்கால் மூளை மண்டையோட்டினுள் அசைய, குழாய்ச் சுவரும் கணப்பொழுது இழுபடுகின்றது. 1995இல் அமெரிக்காவிலே எல்லிஸ் என்பவரும் அவர் குழுவினரும் இத்தகைய இழுப்பை ஆய்கூடத்திற் செய்து பார்த்தனர். மெல்லிய சிலிக்கோன் படலத்தின்மீது மூளையின் உடுக்கலங்களை வளர்த்து, ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கே நீடித்த வாயு அழுத்தத்தாற் படலத்தைப் புடைக்கச் செய்தனர். சேதமுற்ற கலத்தினுள் மட்டுமே புகும் சாயமொன்றையும் சேர்த்தனர். இழுப்பு மிக மிக, சாயமேறிய கலங்களும் மிகுந்தன. அடுத்த ஆண்டு நரம்புக் கலங்களும் குருதிக் குழாய்க் கலங்களும் இவ்வாறே சோதிக்கப்பட்டன. எமக்கு வியப்பளித்தது வேறொன்று: முதலிற் சாயத்தைத் தடுக்க இயலாதிருந்த உடுக்கலங்களுட் பல, ஒரு நாள் கழிந்தபின் தடுக்க வல்லனவாயின. கலமும் தன் புண்ணை மூடிக்கொள்கின்றது.

ஆயினும் எல்லாக் கலங்களுக்கும் அப்பேறு கிட்டுவதில்லை. கிழிந்தவை உடனே மடியும். வேறு சில, மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ கழித்துத் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும். உயிர் தப்பிய குழாய்க் கலங்களிடையேயும் பிணைப்புத் தளர்ந்தால், நீரும் புரதமும் கசிந்து மூளை வீங்கலாம். மண்டையோடு விரிந்து இடங்கொடாது.

அதனாற்றான், தலையிலே பந்துபட்ட எமது மாணவன் ஒருவன், "இன்னும் ஒரு ஓவர் மட்டும், சேர்" என்று மன்றாடியபோதும் அவனை மரநிழலில் இருத்தினோம். மூன்று நாள் அவன் எம்மோடு பேசவில்லை. அணி தோற்றதும் உண்மை. அன்று மாலை அவன் தாயாருக்கு நாம் சொல்லியது இதுவே: தலைவலி கூடினாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி வந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, எழுப்பியும் எழாது உறங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள், அம்மா.