ஸ்க்ரூடிரைவர் எடுக்காத மெக்கானிக்

ஹார்டு டிஸ்க் மாற்றினால் பில்லுக்கு மறுபேச்சில்லாமல் பணம் வரும். எஸ்எம்பிஎஸ் மாற்றினாலும் வரும். கழற்றிய பழையதை மேசைமேல் வைத்துவிட்டால் போதும். விர்ச்சுவல் மெஷினுக்குள் செத்துக் கிடந்த விண்டோஸை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுப்பியவரிடம் மட்டும் ஒரு கேள்வி வருகிறது: “அப்படி எதை சார் மாத்துனீங்க?”

சென்னையில் அச்சகங்களுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் சிஸ்டம் பார்த்துத் தந்து, இந்த ஆண்டோடு தொழிலை விடப்போகிற ஒருவரின் முதல் மனக்குறை இது. ரிச்சி தெருவில் உதிரி பாகம் பொறுக்கித் தொழில் கற்றவர் அவர். இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அவருடைய இடத்துக்கு வருகிற பையன்கள் எந்தக் கோளாறுக்கும் ஒரே மருந்தோடு வருகிறார்கள். முன்பு சேமித்து வைத்த நிலைக்கு, அதாவது ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பு, அதிலும் சரிவராவிட்டால் புதிதாக இன்ஸ்டால் செய். ஏன் கெட்டது என்று எவரும் கேட்பதில்லை.

அச்சகங்களில் இந்த விர்ச்சுவல் மெஷின் பிழைப்பு நடப்பதற்குக் காரணம் பேஜ்மேக்கர் என்ற பக்கம் கோக்கும் மென்பொருள். அதன் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001இல். யூனிகோட் அதற்குத் தெரியாது. தமிழக அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்துவிட்டாலும், அதற்கு முன் கோத்த புத்தகங்களின் பக்கங்களெல்லாம் பழைய குறியீட்டு எழுத்துருக்களில்தான் கிடக்கின்றன. மறுபதிப்பு என்றால் அந்தப் பக்கத்தை அப்படியே திறக்க அந்த மென்பொருளைத்தான் தேடுவார்கள். அது ஓடிவந்த விண்டோஸ் எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு கைகழுவிவிட்டது. எக்ஸ்பி ஓடிய மதர்போர்டுகளும் ஒவ்வொன்றாகப் போயின. ஆகவே அந்த டிஸ்க்கை அப்படியே இமேஜாக எடுத்து, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளோ விஎம்வேருக்குள்ளோ குடியேற்ற வேண்டியதாயிற்று.

குடியேற்றுவதில்தான் வித்தை.

புதிய விர்ச்சுவல் மெஷினில் பழைய எக்ஸ்பி டிஸ்க்கை மாட்டி ஸ்டார்ட் கொடுத்தால், லோகோ ஒரு கணம் தெரியும். அடுத்து நீலத்திரை, 7பி என்று முடியும் ஸ்டாப் எண். பூட் ஆக வேண்டிய டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்பது அதன் பொருள். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பெரும்பாலோர் முடிவு கட்டுவது இங்கேதான். டிஸ்க்கில் ஒரு பழுதும் இருக்காது. வீடு மாறிய முதியவர் ராத்திரியில் எழுந்து பழைய வீட்டில் வாசல் இருந்த பக்கமே நடப்பதைப்போல, எக்ஸ்பி பழைய மதர்போர்டின் கன்ட்ரோலரைத் தேடிக்கொண்டிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, மெஷின் உருவாக்கியபோது எந்த வகை தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை. விண்டோஸ் 10 என்று கொடுத்திருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் சாட்டா கன்ட்ரோலரை ஏஹெச்சிஐ முறையில் வைத்துவிடும். அந்தத் தரம் வெளியானது 2004இல். எக்ஸ்பி வந்தது 2001இல். தனக்குப் பின்னால் பிறந்த கன்ட்ரோலருக்கு எக்ஸ்பி சிடியில் டிரைவர் எங்கிருந்து வரும்? டிஸ்க்கைக் கழற்றி ஐடிஇ கன்ட்ரோலரில், பிக்ஸ்4 வகையில் மாட்ட வேண்டும். பாதிக் கேஸ்கள் இதிலேயே எழுந்துவிடும்.

மீதிப் பாதி எழாது. பழைய கணினியில் வேறு நிறுவனத்தின் சிப்செட் இருந்திருக்கும். எக்ஸ்பி பூட் ஆகும் ஆரம்பக் கட்டத்தில், பிளக் அண்ட் பிளே முழுதாக விழித்துக்கொள்வதற்கு முன்பே, ரெஜிஸ்ட்ரியில் ‘கிரிட்டிகல் டிவைஸ் டேட்டாபேஸ்’ என்ற பட்டியலைப் பார்த்துத்தான் டிஸ்க் கன்ட்ரோலருக்கு டிரைவரைப் பொருத்துகிறது. பிக்ஸ்4இன் அடையாள எண்ணில் வெண்டர் 8086, டிவைஸ் 7111. இந்த எண் பட்டியலில் இல்லை என்றால் டிரைவர் கோப்பு சிஸ்டம்32இல் கிடந்தும் பயனில்லை. டிஸ்க் இமேஜை வேறொரு விண்டோஸில் இணைத்து, அதன் சிஸ்டம் ஹைவை ரெஜ்எடிட்டில் ஏற்றி, கன்ட்ரோல்செட்001இல் அந்தப் பதிவைக் கையால் எழுதி, ‘இன்டெல்ஐடிஇ’, ‘அடாப்பி’ சர்வீஸ்களின் ஸ்டார்ட் மதிப்பைப் பூஜ்யமாக்க வேண்டும். கோப்புகளே இல்லாவிட்டால் டிரைவர் கேப் கோப்பிலிருந்து பிரித்துப் போட வேண்டும். பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்து வைக்க மைக்ரோசாஃப்டே ஒரு வழி எழுதி வைத்திருந்தது. செய்து வைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இதோடு தீர்ந்துவிடாது. பழைய கணினி இன்டெல்லாகவும் மெஷினைச் சுமக்கும் இப்போதைய கணினியான ஹோஸ்ட் ஏஎம்டியாகவும் இருந்தால், ‘இன்டெல்பிபிஎம்’ என்ற பிராசசர் டிரைவர் வேறொரு நீலத்திரையை விரிக்கும். இப்போது எண் 7இ. அந்த சர்வீஸின் ஸ்டார்ட் மதிப்பை 4 ஆக்கினால் அது எழாமல் கிடக்கும். அதையும் தாண்டினால், விண்டோஸை வன்பொருளோடு பேசவைக்கும் அடுக்கான ஹால். பழைய கணினியில் ஏபிக் வகை ஹால் பதிந்திருக்க, இங்கே மெஷின் அமைப்பில் ஐஓ ஏபிக் டிக் இல்லையென்றால் நீலத்திரைகூட வராது. கறுப்புத் திரையோடு நின்றுவிடும். எல்லாம் கூடி டெஸ்க்டாப் தெரியும் நேரத்தில், வன்பொருள் மாறிவிட்டது, மூன்று நாளுக்குள் மறுபடி ஆக்டிவேட் செய் என்று எக்ஸ்பி கெடு வைக்கும். இத்தனை தடையும் ஒன்றன்பின் ஒன்றாக, முதலாவது நீங்கினால்தான் இரண்டாவது கண்ணில் படும் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் திரை மாறுகிறதா என்று கவனிப்பவருக்கே தான் முன்னேறுவது தெரியும். “இன்னமும் அதே எரர்தான் சார்” என்று சொல்பவர் எண்ணைப் படிக்காதவர்.

இந்தத் தொழிலின் அடிப்படை அடுக்கைப் பிரித்துப் பார்ப்பதுதான் என்பார் அவர். கோளாறு உள்ளே ஓடும் எக்ஸ்பியில், அதாவது கெஸ்டில் இருக்கலாம். அதைச் சுமக்கும் மென்பொருளில் இருக்கலாம். ஹோஸ்ட் விண்டோஸில் இருக்கலாம். அதற்கும் கீழே பயாஸில் இருக்கலாம். எதில் இருந்தாலும் தெரிவது கெஸ்டின் ஜன்னலில்தான். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் மாறுவதோ கெஸ்டும் அதன் மெஷின் அமைப்பும் மட்டும்.

ஆமை விவகாரம் இதற்கு நல்ல சாட்சி. நேற்றுவரை ஓடிய மெஷின் இன்று நகர மறுக்கிறது. பேஜ்மேக்கரில் ஒரு பக்கம் புரட்டினால் டீ குடித்துவிட்டு வரலாம். விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் அடிப்பட்டையில் ஒரு பச்சை ஆமை. ஹோஸ்டில் யாரோ லினக்ஸ் ஓட்டுவதற்கான டபிள்யூஎஸ்எல்2 போட்டிருப்பார்கள், அல்லது விண்டோஸ் 11இன் மெமரி இன்டெக்ரிட்டி இயங்கிக்கொண்டிருக்கும். இரண்டுமே மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரை அடியில் நிறுத்திவிடும். பிராசசரின் விடி-எக்ஸ் வசதி அதன் கைக்குப் போய்விட, விர்ச்சுவல்பாக்ஸ் சுற்று வழியில் ஓடுகிறது. லாக்கில் ‘என்இஎம்’ என்ற மூன்றெழுத்தோடு அது பதிவாகியிருக்கும். அந்த வரியைப் படிக்காமல் எக்ஸ்பிக்குள் வைரஸ் ஸ்கேன் ஓட்டியவர்களும் உண்டு, ரேமைக் கூட்டியவர்களும் உண்டு. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியவர்களுக்குப் போன வாரம் கோத்த பக்கங்கள் போனதுதான் மிச்சம். ஆமை அதே இடத்தில் இருந்தது.

இடம் தீர்ந்த கதையும் இப்படித்தான். வளரும் வகை டிஸ்க் இமேஜ் வைத்திருந்தால், கெஸ்டுக்குள் நாற்பது ஜிபி காலி என்று காட்டும். ஹோஸ்டில் ஒரு ஜிபிகூட இருக்காது. எழுத இடமில்லாத கணத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் மெஷினை அப்படியே பாஸ் செய்து நிறுத்தும். அது கோளாறல்ல, காப்பு. ஹோஸ்டில் இடம் ஒழித்துவிட்டு ரிஸ்யூம் கொடுத்தால் விட்ட எழுத்திலிருந்தே தொடரலாம். அவசரக்காரர் பவர் ஆஃப் கொடுக்கிறார். சேமிக்காத பக்கம் போகிறது, சில சமயம் என்டிஎஃப்எஸ்ஸும் சேர்ந்து போகிறது. கெஸ்டுக்குள் கோப்பை அழித்தால் இமேஜ் தானாகச் சுருங்காது என்பதோ, பழைய ஸ்னாப்ஷாட்டை நீக்கும் வேலைக்கே கூடுதல் இடம் வேண்டும் என்பதோ அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்புகிறவர்களே அதிகம். அடியிலிருக்கும் மூல இமேஜ் போனால் மேலே அடுக்கிய எல்லாம் குப்பை.

கணினி ஆய்வாளர்கள் கோல்ட்பர்க்கும் போபெக்கும் 1974இலேயே இலக்கணம் எழுதிய துறை இது. விஎம்வேர் 1999இல் அதை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. இவ்வளவு வயதான ஒன்றை நிஜமில்லாத கணினி என்றும், போனால் போகட்டும் என்றும் நினைப்பதால்தான் கவனம் குறைகிறது என்பது அவர் தீர்ப்பு. உள்ளே கிடக்கும் புத்தகம் நிஜம். அச்சேற வேண்டிய தேதியும் நிஜம்.

தொழிலை விட்டுப் போகுமுன் தன் வாடிக்கையாளர்களிடம் அவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். விர்ச்சுவல்பாக்ஸில் மெஷின் எழவில்லை என்றால் மறுபடி மறுபடி ஸ்டார்ட் அழுத்த வேண்டாம். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் புது லாக் உருவாகி, பழையது ஒரு படி பின்னால் தள்ளப்படும். வழக்கமான அமைப்பில் பழைய லாக் மூன்றுதான் நிற்கும். பதற்றத்தில் நாலைந்து முறை அழுத்திவிட்டால் முதல் கோளாறின் தடயம் அழிந்துவிடும். லாக்ஸ் கோப்புறையை முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். வருகிறவர் அதைத் திறந்து படிக்காமல் மவுஸைத் தொட்டால், திருப்பி அனுப்பிவிடுங்கள்.