காற்றுக்கு ஒரு வலை

கச்சான் என்றதும் என் வகுப்புத் தோழிகளுக்குப் பஸ் நிலையத்தில் பேப்பர்ச் சுருளில் விற்கும் வறுத்த கச்சான்தான் ஞாபகம் வரும். தேயிலைக்காரர்களுக்கோ அது காற்று. தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, உலர்ந்த கச்சானாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கும் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் கிடைப்பது அந்தக் காற்றினால்தான்.

பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை முதலில் வாட்ட வேண்டும். எங்கள் மலைகளில் தெரியும் பழைய தொழிற்சாலைகளுக்கு மாடிக்கு மாடி வரிசையாக ஜன்னல்கள் இருப்பது அழகுக்காக அல்ல. மாடியில் விரித்த கொழுந்தை வெளிக்காற்று வாட்டுவதற்காக. இப்போது நீண்ட தொட்டிகள் வந்துவிட்டன. தொட்டியின் மேல் கம்பிவலை, அதன் மேல் கொழுந்து, ஒரு முனையில் பெரிய விசிறி. காற்று கீழிருந்து கொழுந்தினூடாக மேலே எழும்பும்.

என் வாப்பா பதுளையில் தகட்டு வேலை செய்பவர். சென்ற விடுமுறையில் ஒரு தோட்டத் தொழிற்சாலையிலிருந்து அவரைத் தேடி வந்தார்கள். 20 மீற்றர் தொட்டியொன்றில், விசிறிக்குக் கிட்ட உள்ள கொழுந்து வாடவில்லை. தூரத்தில் உள்ளது காய்ந்துபோகிறது என்றார்கள். கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் உயர்தரப் பௌதிகவியல் படிப்பவர்களுக்கு பேர்ணூலியைத் தெரியும். விசிறியருகே காற்று விரைவாக ஓடுகிறது, அங்கே அமுக்கம் குறைவு. போகப் போக வேகம் தணிய அமுக்கம் கூடுகிறது. அமுக்கம் கூடிய இடத்தில்தான் காற்று கொழுந்துக்குள் ஏறும். 1738 இல் அச்சான ஒரு புத்தகத்தின் விதி ஒரு தோட்டத்துத் தொட்டிக்குள் வேலை செய்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். வாப்பாவுக்குச் சந்தோஷமில்லை. விசிறிக்கும் தொட்டிக்கும் இடையில் விரிந்து செல்லும் குழாய்க்குள் வழிகாட்டித் தகடுகள் வைக்கலாம் என்பது அவருடைய யோசனை. எத்தனை தகடு, எந்தச் சாய்வில்? 2022 க்குப் பிறகு தகடு விற்கும் விலையில் ஒருமுறை பிழையாக வெட்டினால் அந்த மாதக் கூலி போய்விடும்.

பொறியியல் படிக்கும் நானா விடுமுறைக்கு வந்திருந்தார். "வெட்ட முந்தி கம்பியூட்டர்ல ஊதிப் பாப்போம்" என்றார்.

காற்றின் சமன்பாடுகளை முழுத் தொட்டிக்கும் ஒரேயடியாகத் தீர்க்க முடியாது. உள்ளே உள்ள வெளியைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே கணக்குப் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டிகளின் கூட்டம்தான் வலை, ஆங்கிலத்தில் மெஷ். லூயிஸ் ஃப்ரை ரிச்சட்சன் என்பவர் 1922 இல் வெளியிட்ட நூலில், வானிலையை இப்படிக் கட்டம் பிரித்துக் கையாலேயே கணித்திருந்தார். விடை படுபிழை. முறை பிழையல்ல, கணக்குக்குள் போட்ட ஆரம்ப எண்களில்தான் குறை என்று பிறகு தெரியவந்தது. எங்கள் வீட்டு மேசையில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

நானா ஃப்ரீகெட்டில் தொட்டியை வரைந்தார். ஓபன்ஃபோம் என்ற இலவச மென்பொருளில் வலை பின்னும் வேலை எனக்கு. படம் எஸ்.டி.எல். கோப்பாகப் போகும், அதில் இருப்பவை முக்கோணங்கள் மட்டும், அளவின் அலகு இல்லை. மில்லிமீற்றரில் வரைந்ததை ஓபன்ஃபோம் மீற்றராக எடுத்துக்கொண்டது. தொட்டி 20 கிலோமீற்றர், கிட்டத்தட்ட எல்ல வரைக்கும்! இதைத் திருத்துவது எளிது, ஆயிரத்தால் வகுத்தால் போதும்.

அடுத்தது எளிதாக இருக்கவில்லை. 5 சென்ரிமீற்றர் பெட்டிகளில் தொட்டிக்கு மட்டும் இரண்டரை இலட்சம் பெட்டிகள் வந்தன. வலை அழகாகப் பின்னியது. திறந்து பார்த்தால் வழிகாட்டித் தகடுகளைக் காணோம். ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டை 5 சென்ரிமீற்றர் பெட்டி எப்படிப் பிடிக்கும்? பெரிய கண் வலையில் நெத்தலி சிக்குமா? பெட்டியின் பக்கத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்காகும், இன்னொரு முறை பாதியாக்கினால் அறுபத்து நான்கு மடங்கு. நானாவின் மடிக்கணினி அதற்கு முன்பே மூச்சை நிறுத்திவிடும். ஆகவே தகடுகளைத் தடிப்பே இல்லாத சுவராக மாற்றி, குழாயைச் சுற்றி மட்டும் பெட்டிகளை 6 மில்லிமீற்றர் அளவுக்கு நுணுக்கினோம்.

தகடுகள் வந்தன. ஆனால் இப்போது தொட்டிக்கு வெளியிலும் வலை! வெளியில் உள்ள பெட்டிகளை மென்பொருள் வெட்டி எறிய வேண்டும். அது செய்வது இவ்வளவுதான்: உள்ளே நாம் காட்டும் ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி, சுவரில் முட்டாமல் போகக்கூடிய இடமெல்லாம் போகும், போன இடமெல்லாம் உள்ளே என்று எண்ணும். எங்கோ ஓர் ஓட்டை. பெரிய பெட்டிகளில் சரியாக இருந்தது நுணுக்கியதும் ஏன் கெட்டது? இரண்டு இரவு மண்டையை உடைத்தோம். உம்மா தேத்தண்ணி வைத்துவிட்டு, "இது பேப்பர்ல வருமா?" என்று மட்டும் கேட்டார்.

விளிம்புகளை ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தபோது அகப்பட்டது. குழாய் முடிந்து தொட்டி தொடங்கும் இடத்தில் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி. 5 சென்ரிமீற்றர் பெட்டிக்கு அது தெரியவில்லை, மூடிக்கொண்டு போய்விட்டது. 6 மில்லிமீற்றர் பெட்டி அதற்குள் நுழைந்து வெளியே வந்துவிட்டது. நானா தொழிற்சாலையில் எடுத்த அளவுகளைத் திரும்பக் கூட்டினார். அளவு சரி. இடைவெளி உண்மையாகவே இருக்கிறது!

அப்போதுதான் வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"அந்த இடத்தில கென்வஸ் துணி ஈக்குமே மகள். இரும்போட இரும்பு முட்டினா விசிறி அதிர்ற அதிர்வுல தொட்டியே கத்தும்."

இரும்பை மட்டுமே வரைந்திருந்த படத்தில் துணி இல்லை. சுற்றிவர ஒரு பட்டியைச் சேர்த்தோம். கசிவு நின்றது. சோதனைக் கட்டளையில் பெட்டிகளின் கோணல் 70 பாகைக்குள் அடங்கியது. கணக்கு இரவு முழுக்க ஓடி, சுபஹுக்கு எழும்பியபோது முடிந்திருந்தது.

கணினிப் படங்கள் நிறம் நிறமாக நன்றாக இருக்கும், அதனால் அவற்றை உடனே நம்பிவிடுவோம். தகடுகள் காணாமற்போன அந்த முதல் வலையிலும் கணக்கு ஓடியிருக்கும், நிறப்படமும் வந்திருக்கும். அதைக் காட்டி "தகடு வைத்தும் பயனில்லை" என்று வாப்பாவிடம் சொல்லியிருக்கலாம், அவரும் நம்பியிருப்பார். அதை நினைக்கும்போதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

ஐந்து தகடு வேண்டும் என்றிருந்தார் வாப்பா. மூன்றை வைத்துப் பார்த்ததிலும் விசிறிப் பக்கக் கொழுந்துக்குக் கிட்டத்தட்ட அதே காற்று ஏறுவதாகக் கணக்குச் சொன்னது. அவர் மூன்றைத்தான் வெட்டியிருக்கிறார். மிச்சத் தகட்டை மடித்துக் கடைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறார், தேவைப்பட்டால் எடுக்க. பூட்டுவது தொழிற்சாலை நிற்கும் நாளில். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கென்வஸ் துணியை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.