பங்கோருக்கு 55 நிமிடம்

பங்கோர் தீவு என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது மாசி மகம்தான். கடலோரத்து ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயம், லுமுட் படகுத்துறையில் பிள்ளைகுட்டிகளோடு காத்து நிற்கும் கூட்டம், திரும்பும்போது ஆளுக்கொரு நெத்திலிப் பொட்டலம். கோலாலம்பூரிலிருந்து காரில் போனால் சில மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு படகு. தீவுக்குப் போக வேறு வழி உண்டா என்று யாரும் அதிகம் யோசிப்பதில்லை.

உண்டு. தீவின் வடக்கே தெலுக் டாலாமில் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. சுபாங்கிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 165 கிலோமீட்டர். ஒற்றை இயந்திரம் கொண்ட செஸ்னா 172 விமானத்தில் 55 நிமிடம். ஏப்ரல் மாத ஞாயிறு ஒன்றில் அப்படிப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

விமானத்தை ஓட்டியவர் என் அண்ணனின் பள்ளித் தோழர். நானும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வார நாள்களில் ஷா ஆலாமில் பொறியாளர் வேலை. மாதம் ஒன்றிரண்டு ஞாயிறுகளில் வாடகைக்கு விமானம் எடுத்துப் பறப்பார். அவரிடம் இருப்பது தனியார் விமானி உரிமம். 17 வயது நிரம்பியவர்கள் மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வுகள், குறைந்தது 40 மணி நேரப் பறக்கும் பயிற்சி, செய்முறைத் தேர்வு ஆகியவற்றை முடித்தால் இதைப் பெறலாம். ஆனால், இதை வைத்துப் பயணிகளிடம் கட்டணம் வாங்கிச் சம்பாதிக்க முடியாது. சொந்த ஆசைக்கு, சொந்தக் காசில் பறப்பவர்களுக்கான உரிமம் இது.

இரண்டு நாளுக்கு முன்பே அண்ணே தொலைபேசியில் அழைத்து, "உன் எடை எவ்வளவும்மா? உண்மையச் சொல்லு" என்றார். செஸ்னா 172இல் நான்கு இருக்கைகள் உண்டு. அதற்காக நாலு பேரும் பைகளும் முழு எண்ணெயும் ஏற்றிவிட முடியாது. மொத்த எடை ஏறக்குறைய 1,150 கிலோவைத் தாண்டக்கூடாது. எங்களோடு அண்ணியும் வருவதால் ஆள், பை, எண்ணெய் எல்லாவற்றையும் அவர் தாளில் கூட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "மாத்துத் துணி ஒன்னு எடுத்துக்கோ" என்றார்.

"காலையில போயிட்டு மத்தியானம் வரப்போறோம். மாத்துத் துணி எதுக்குண்ணே?"

"போறது நம்ம கையில இருக்கு. வர்றத வானம்தான் சொல்லணும்."

திங்கள் காலை ஆறு மணிக்கு நான் வானொலியில் நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்பதை நினைவூட்டினேன். அவர் அசரவில்லை. "அப்படின்னா லுமுட்டுலேர்ந்து கே.எல்.லுக்குப் பஸ் எத்தன மணிக்குன்னும் பாத்து வெச்சுக்கோ" என்றார்.

1965இல் திறக்கப்பட்டு 1998 வரை நாட்டின் நுழைவாயிலாக இருந்தது சுபாங் விமான நிலையம். வெளியூர் போகும் உறவினரை வழியனுப்ப வேன் பிடித்துக் குடும்பத்தோடு அங்கே போன கதை நம்மில் பல வீடுகளில் உண்டு. அதே ஓடுபாதைக்கு அருகே, ஒரு மைவி கார் அளவுக்கு உட்கார இடமுள்ள விமானம் நின்றது. அண்ணே அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். இறக்கையைத் தட்டினார், சக்கரத்தை அழுத்திப் பார்த்தார், இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எண்ணெய் பிடித்தார். இளநீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கித் தெரியும். எண்ணெயில் கலந்த தண்ணீர் வானத்தில் இயந்திரத்தை நிறுத்திவிடும்.

காலை எட்டேகாலுக்குத் தரையை விட்டுக் கிளம்பினோம்.

என் தொழிலில் இரண்டு நொடி அமைதி வந்தாலே பதறிப்போவோம். விமான வானொலியில் எல்லாம் தலைகீழ். தேவையானதை மட்டும் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும். கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரத்தையும் திசையையும் விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே திருத்திவிடலாம். சினிமாவில் அடிக்கடி கேட்கும் "ரோஜர்" என்ற சொல்லுக்கு "நீங்கள் சொன்னது காதில் விழுந்தது" என்று மட்டும்தான் பொருள். சம்மதம் என்று அர்த்தமில்லை. அண்ணே ஒரு மணி நேரத்தில் பேசியதை நான் என் நிகழ்ச்சியில் ஒரு நிமிடத்தில் பேசிவிடுவேன்.

கோல சிலாங்கூர் கலங்கரை விளக்கம் தெரிந்ததும் கடலை இடப்பக்கம் வைத்து வடக்கே திரும்பினோம். உயரம் இரண்டாயிரம் அடி. தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் பச்சைக் கட்டங்களாகக் கிடந்தன. காரில் போனால் ஒரு வயலின் ஓரம்தான் தெரியும். மேலிருந்து பார்க்கும்போதுதான் ஒவ்வொரு கட்டத்துக்கும் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால்களின் கணக்கு புரிகிறது.

வயல்கள் முடிந்ததும் செம்பனை. சபாக் பெர்ணம் பக்கம் வந்தபோது அண்ணே இறக்கையை லேசாகச் சாய்த்தார். "கீழே பாரும்மா, ஒரு கோபுரம் தெரியுதா?" வரிசை வரிசையான செம்பனைகளுக்கு நடுவே வண்ணம் பூசிய சின்னக் கோபுரம். அவர் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயில் அது. லயங்களை இடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடமும் அங்கே இல்லை. அவருடைய அம்மா பால் மரம் சீவிய இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. "மத்ததெல்லாம் போச்சு. எனக்கு வழி காட்ட இந்தக் கோயில் மட்டும் இருக்கு" என்றார். வரைபடத்தில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். பின் இருக்கையில் அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பெர்ணம் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டினால் பேராக். பாகான் டத்தோ, பேராக் ஆறு, கடலில் சிதறிக் கிடக்கும் செம்பிலான் தீவுகள், அதற்கு அப்பால் பங்கோர். கே.எல்.ஐ.ஏ. ஓடுபாதைகள் 4 கிலோமீட்டர் அளவுக்கு நீளமானவை. அவற்றின் பக்கத்தில் இந்த ஓடுபாதை ஒரு கைக்குட்டை. கடல் கிட்டே வந்தது, மலை கிட்டே வந்தது, பிறகு சக்கரம் தரையைத் தொட்டது. மணி ஒன்பது பத்து.

தீவில் எங்கள் கையில் இருந்தது நாலு மணி நேரம். பங்கோரின் இளஞ்சிவப்பு வேன் ஒன்றைப் பிடித்தோம். முதலில் தெலுக் கெடோங்கில் இருக்கும் டச்சுக் கோட்டை. பேராக்கின் ஈய வணிகத்தைக் கைக்குள் வைத்துக்கொள்ள 1670இல் டச்சுக்காரர்கள் கட்டியது. 1690இல் உள்ளூர் மக்கள் தாக்கி அழித்தார்கள். 1743இல் திரும்பி வந்தவர்கள் 1748இல் மறுபடியும் விட்டுப் போனார்கள். இன்று நாம் பார்ப்பது 1973இல் சீரமைக்கப்பட்ட சுவர்கள். பக்கத்திலேயே ஒரு பெரிய பாறை. குழந்தையைக் கவ்விச் செல்லும் புலியின் உருவத்தையும் 1743 என்ற ஆண்டையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது அந்தக் கடல்தான். 1874 ஜனவரி 20ஆம் நாள் இந்தத் தீவின் அருகே, 'புளூட்டோ' என்ற கப்பலில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. ராஜா அப்துல்லாவைச் சுல்தானாக ஆங்கிலேயர் ஏற்றார்கள். பதிலுக்குப் பேராக்கில் ஆங்கிலேய ரெசிடெண்ட் வந்து அமர்ந்தார். அந்த ஆட்சி பரவப் பரவத்தான் காடுகள் தோட்டங்களாயின, நம் முன்னோர்கள் கப்பலேறி வந்தார்கள். காலையில் நான் மேலிருந்து பார்த்த தோட்டங்களின் கதைக்கு இந்தக் கடலில் ஒரு தொடக்கம் இருக்கிறது.

பத்திரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, நெத்திலியும் மீன் சாத்தேயும் வாங்கிக்கொண்டு, தெலுக் நிப்பாவில் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பாட்டுக் கடைக்கு எதிரே மரத்தில் இருவாட்சிப் பறவைகள் பயமில்லாமல் வந்து உட்கார்ந்தன. அண்ணே அவற்றைப் பார்க்கவில்லை. கைப்பேசியில் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரலும் அக்டோபரும் நம் நாட்டில் பருவக்காற்று மாறும் காலம். காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும், மத்தியானத்துக்கு மேல் நிலப்பகுதியில் இடிமழை கொட்டும். அதனால்தான் ஒரு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஆனால், அன்று மழை முந்திக்கொண்டது. பன்னிரண்டரைக்கே கிள்ளான் பள்ளத்தாக்கின் மேல் இடிமேகம் திரண்டுவிட்டது. பங்கோரில் வெயில் அடித்தது. சுபாங்கில் இடி.

விமான நிலையத்தில் காத்திருந்தோம். இரண்டு மணி. மூன்று மணி. மேகம் வடக்கே கடற்கரையோரமாக நீண்டது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்த அண்ணே ஒரு கதை சொன்னார்.

1999 ஜூலை 16. முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியரும் ஒரு தனியார் விமானிதான். மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு தன் சிறுவிமானத்தில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குப் புறப்பட்டார். மறுநாள் உறவினர் திருமணம். கிளம்பத் தாமதமாகி இருட்டிவிட்டது. கடலுக்கு மேல் மூட்டம். வானம் எது, கடல் எது என்று தெரியாத நிலையில் விமானம் கடலில் விழுந்து மூவரும் இறந்தார்கள். எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற உணர்வே குழம்பிப்போனதுதான் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது.

கண்ணுக்குத் தொடுவானம் தெரியாவிட்டால் நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும், உடம்போ நேராகப் போவதாக நம்பும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தனிப் பயிற்சியும் தகுதியும் வேண்டும். அண்ணேயிடம் அந்தத் தகுதி இல்லை. "எனக்குக் கண்ணுதான் கருவி. மேகத்துக்குள்ள போனா நான் குருடன். 'இன்னைக்கே திரும்பணும்'னு நெனச்சுப் பறக்கிறவன்தான் அதுக்குள்ள போவான்" என்றார்.

நாலரை மணிக்கு முடிவாகச் சொன்னார். மழை விட்டாலும் இருட்டுவதற்குள் சுபாங் போய்ச் சேர நேரம் போதாமல் போகலாம். விமானம் இன்று நகராது. கொண்டு வந்திருந்த கயிற்றை எடுத்து இறக்கைகளைத் தரையோடு கட்டினார். முகத்தில் ஏமாற்றமும் இல்லை, சங்கடமும் இல்லை. அண்ணி என் கையைப் பிடித்து, "இவரோட பறக்க ஆரம்பிச்சதுலேர்ந்து இது மூணாவது தடவம்மா. முதல் தடவ நான் அழுதேன். இப்ப மாத்துத் துணியோட அவரோட மருந்தையும் எடுத்து வெச்சுடுவேன்" என்றார்.

அவர்கள் இருவரும் தெலுக் நிப்பாவில் அறை எடுத்துக்கொண்டார்கள். நான் வேன் பிடித்து, படகு பிடித்து, லுமுட்டில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மழை. சித்தியவானைத் தாண்டியபோது மின்னல் வெட்டி வானத்தின் பாதியைக் காட்டியது. அவ்வளவு பெரிய மேகத்தை நான் பார்த்ததில்லை. கோலாலம்பூரில் இறங்கியபோது நள்ளிரவு. 55 நிமிடத்தில் போன தூரத்துக்குத் திரும்பி வர ஏழு மணி நேரம். நாலு மணி நேரம் தூங்கிவிட்டு ஆறு மணிக்கு ஒலிபரப்பில் "வணக்கம்" சொன்னேன்.

பறக்க ஆசைப்படுகிறவர்கள் பயிற்சிப் பள்ளிகளில் அறிமுகப் பறத்தல் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். ஒருநாள் பயணமாகத் தீவுக்கு அழைக்கும் நண்பர் இருந்தால் யோசிக்காமல் போகலாம். மாற்றுத் துணி எடுத்துவரச் சொல்கிறாரா என்று மட்டும் பாருங்கள். சொன்னால் நம்பி ஏறலாம்.

திங்கள் காலை ஒன்பதரைக்கு, நிகழ்ச்சி முடியும் நேரத்தில், அண்ணேயின் குறுஞ்செய்தி வந்தது: "தரையிறங்கியாச்சு. வானம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. உன் நெத்திலி அண்ணிகிட்ட இருக்கு, வந்து வாங்கிக்கோ."